சங்கம் வளர்ந்த வகை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கங்களைத் தொடங்குவோர் பலர். அவற்றை மூன்றாம் ஆண்டுக்கு அப்பால் கொண்டு செலுத்துவோர் சிலர். தொடங்கும் நாளில் பந்தலும் பன்னீரும் குறைவறக் காணப்படும். ஈராண்டு கழிந்தபின் காரியதரிசியும், நாற்காலி எடுத்து வைப்பவனுமே கூட்டத்திற்கு வந்திருப்பர். இதன் காரணம் யாது, இதற்கு மாற்று யாது என்பதைக் குறித்துப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். பொதுவாகப் பேசப் புகின், ஒற்றுமை வேண்டும், ஊக்கம் வேண்டும் என்று யாவரும் அறிந்தவற்றையே அடுக்க நேரும். அதனினும், ஒரு சங்கத்தின் மெய்வரலாற்றை எடுத்துக்கொண்டு, அது தளர்ந்த இடத்தையும் தழைத்த இடத்தையும் காட்டுவதே பயனுடைத்தென்று கருதினோம்.

யாம் எடுத்துக்கொண்டது இலண்டன் மாநகரத்துச் சிவில் இஞ்சினீயர்கள் சங்கம். பாலமும் அணையும் சாலையும் துறைமுகமும் அமைப்போர் கூடிய சங்கம் அது. தமிழ் வாத்தியாருக்கு இஞ்சினீயர்களோடு என்ன வழக்கு என்று சிலர் நகைக்கலாம். வழக்கு உண்டு, அதனைப் பின்னர்ச் சொல்வோம். நம்மனோர் சங்கங்களில் உறவுமுறை ஒரு கட்டாக நிற்கின்றது. கூட்டத்திற்கு வாராதவரைக் கலியாண வீட்டிலாயினும் கண்டு, ஏன் வரவில்லை என்று கேட்கலாம். தொழில் ஒன்றினால் மட்டும் கூடியவர்க்கு அக்கட்டு இல்லை. அவர் சந்தா செலுத்துவதும் செலுத்தாததும், சங்கத்தால் தமக்கு விளைவது யாது என்பதையே பொறுத்தன. ஆதலின் ஒரு சங்கத்தைத் தாங்கி நிற்பது எது என்பது அங்கே மறைவின்றித் தெரியும்.

இச்சங்கத்திற்கு முன்னரே, 1771ஆம் ஆண்டில், இலண்டனில் இஞ்சினீயர் கூட்டம் ஒன்று தோன்றியது. எடிஸ்டன் பாறையின்மேல் கலங்கரை விளக்கம் கட்டிப் புகழ்பெற்ற ஜான் ஸ்மீட்டன் அதன் முதல்வருள் ஒருவர். கால்வாய்களும் துறைமுகங்களும் பெருகிவந்த காலம் அது. அவற்றிற்குரிய மசோதாக்கள் பாராளுமன்றத்தில் ஆராயப்படும்போது பெயர்பெற்ற இஞ்சினீயர்கள் சாட்சி சொல்ல வருவர். பகலில் எதிர்க்கட்சிகளில் நின்று வாதிட்டவர் இரவில் ஒரு விடுதியில் கூடி உண்டு அளவளாவுவர். இதனால் பகை தணிந்தது, நட்பு வளர்ந்தது. இதனை யாம் இகழ்ந்து பேசமாட்டோம். அக்கூட்டம் இடையில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடி, ஸ்மீட்டன் பெயராலேயே இன்றும் வழங்கி வருகின்றது. ஆயினும் அது தலைவர்களின் விருந்து. தொழில் பழகும் இளைஞனுக்கு அப்பந்தியில் இலை போடுவார் இல்லை.

இலை கிடையாத இளைஞர் சிலர் 1818 ஜனவரி 2ஆம் நாள், பிளீட் தெருவிலிருந்த கெண்டல் காப்பிக்கடையில் கூடினர். அவருள் முன்னின்றவர் ஹென்றி ராபின்சன் பாமர். அப்போது இருபதுகளில் இருந்தவர். ஜோஷுவா பீல்டு என்பவர் முப்பதைச் சற்றே கடந்தவர். இத்தொழிலை முறையாகக் கற்பிக்கும் கல்லூரி அந்நாளில் இங்கிலாந்தில் இல்லை. ஒரு குருவினிடம் அமர்ந்து அவர் செய்வதைக் கண்டு கற்கவேண்டும். அவர் அறியாததைச் சீடனும் அறியான். ஆதலின், தாம் கற்ற சிறிதைப் பிறர்க்கு உரைத்து, பிறர் கற்றதைத் தாம் கேட்போம் என்பதே அவ்விளைஞர் செய்துகொண்ட ஏற்பாடு. நோக்கத்தில் குறையில்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகள் சங்கம் ஊர்ந்தே சென்றது. புதிதாய்ச் சேர வந்தவர் மிகச் சிலர். கடை திறந்தாயிற்று, சரக்கும் நல்ல சரக்கே, கடை இருக்கும் தெருவை ஒருவரும் அறிந்திலர்.

1820ஆம் ஆண்டில் அவர்கள் தாமஸ் டெல்போர்டு என்னும் முதியவரைத் தலைவராக வருமாறு அழைத்தனர். இவர் ஸ்காத்துலாந்தில் ஆட்டிடையர் ஒருவர்க்குப் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர். கல்தச்சனாகத் தொழில் தொடங்கியவர். அழைப்பு வந்தபோது அவர்க்கு வயது 62. பள்ளத்தாக்கின் குறுக்கே 120 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், இருப்புத் தொட்டியில் கால்வாயையே நடத்திச் சென்ற பான்ட்கசில்டி பாலம் 1805இல் அவரால் முடிந்திருந்தது. மெனாய் நீரிணையின்மேல் தொங்குபாலம் எழுந்துகொண்டிருந்தது. அவர் பெயரை அறியாத இஞ்சினீயர் நாட்டில் இல்லை.

இங்கே ஒரு கதை. டெல்போர்டு மணம் செய்துகொள்ளாதவர். பல்லாண்டுகள் சாலோப்பியன் என்னும் காப்பிக்கடை விடுதியிலேயே தங்கியிருந்தார். அவரைக் காண வருவோர் கூட்டத்தால் விடுதிக்கு வியாபாரம் மிகுந்தது. அவர் வேறு வீடு செல்லப்போகிறார் என்று கேட்ட புதிய விடுதிக்காரன், அவரையும் சேர்த்தல்லவா தான் விடுதிக்கு விலைகொடுத்தது என்று கலங்கினானாம். பெரியவர் ஒருவரின் பெயருக்கு அங்காடியில் என்ன விலை என்பதை அவ்விடுதிக்காரன் அறிந்திருந்தான். இளைஞர்களும் அறிந்தே அழைத்தார்கள்.

பெயரை மட்டும் இரவல் தந்துவிட்டு அவர் வீட்டில் இருந்திருப்பாராயின், இன்று அவரைப்பற்றி யாம் பேசவேண்டியதில்லை. நம் நாட்டில் தலைவர் என்பார் பலர் ஆண்டுக்கொருமுறை மாலை வாங்க வருவார். முடிவுரைக்கு முன்னரே வண்டி ஏறிவிடுவார். (இங்குள்ள அக்கிராசனர் அவர்கள் இறுதிவரை இருப்பவர்கள், ஆதலின் துணிந்து சொல்கின்றோம்.) டெல்போர்டு செய்தது வேறு. 1820 மார்ச்சு மாதத்தில் தலைமை ஏற்று அவர் பேசிய பேச்சின் கருத்து இது: பிற நாடுகளில் இத்தகைய சங்கங்களை அரசாங்கமே நிறுவி நடத்துகின்றது, இங்கே அவ்வாறன்று, ஆதலின் சங்கம் இருப்பதும் இறப்பதும் ஒவ்வோர் அங்கத்தினரும் செய்வதையே பொறுத்தது. வாய்ச்சொல்லாக இதனை அவர் விட்டுவிடவில்லை. அங்கத்தினர் தாம் கண்ட வேலையைக் கட்டுரையாக எழுதிப் படிக்குமாறு தூண்டினார். எழுத வாராதவர் ஒரு நூலோ வரைபடமோ தந்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தம்முடைய நூல்களையும் படங்களையும் அவரே முதலில் கொடுத்தார்.

இவற்றினும் பெரிதாக யாம் மதிப்பது ஒன்றுண்டு. கட்டுரை படித்தபின் எழும் வினாக்களையும் விடைகளையும் குறித்து வைக்கவேண்டும் என்றார் அவர். அதுவரை அவ்வுரையாடல் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. ஒருவன் தன் பாலம் எவ்வாறு நின்றது என்று எழுதுவான். எங்கே விரிசல் கண்டது என்பதை அவன் எழுதமாட்டான். அது அவனை மற்றொருவன் வினவும்போதுதான் வெளிப்படும். அவ்விடையே தொழிலின் உயிர். அதனை எழுதி வைத்தமையால், கூட்டத்திற்கு வர இயலாத தூரத்தில் வேலைபார்த்த இளைஞனும் அதன் பயனைப் பெற்றான். சந்தா கொடுத்தவனுக்குப் பண்டம் கைக்கு வந்தது. சங்கத்திற்கு விளம்பரம் என்று எதனையாவது சொல்வதாயின் இதனையே சொல்வோம். சுவரொட்டியும் ஊர்வலமும் ஒரு நாள் பேசும். பயனுள்ள ஏடு ஒன்று கைமாறிக் கைமாறி நூறாண்டு பேசும்.

1828இல் சங்கத்திற்கு அரச சாசனம் கிடைத்தது. சாசனத்தின் பொருட்டுத் தாமஸ் டிரெட்கோல்டு என்பவர், இத்தொழிலாவது இயற்கையின் பேராற்றல்களை மக்கட்குப் பயன்படுமாறு செலுத்தும் கலை என்னும் கருத்தில் ஓர் இலக்கணம் வகுத்தார். அதுவரை இஞ்சினீயர் என்றால் யார் என்பதில் ஊரார்க்குத் தெளிவில்லை. கொத்தனும் தன்னை அவ்வாறு சொல்லலாம், படைவீரனும் சொல்லலாம். 1836 முதல் கட்டுரைகள் பெருந்தொகுதியாக அச்சாயின. மறு ஆண்டு முதல் கூட்ட நடவடிக்கைகளும் அச்சாயின. டெல்போர்டு 1834இல் காலமானபோது, ஆண்டுதோறும் நல்ல கட்டுரைகளுக்குப் பரிசளிக்குமாறு சங்கத்திற்குப் பொருள் எழுதி வைத்திருந்தார். அவர் பெயரால் அப்பரிசு நெடுங்காலம் வழங்கிற்று.

அவர்பால் யாம் ஒப்பாத ஒன்றும் உண்டு. தலைமை ஏற்றது முதல் இறக்கும்வரை, 14 ஆண்டுகள், அவரே தலைவர். அவருக்குப்பின் வந்த ஜேம்ஸ் வாக்கர் 1845 வரை அமர்ந்திருந்தார். முதலாமவர் செய்தால் அழகாயிருந்தது இரண்டாமவர்க்கு அழகாகவில்லை. அதன்பின் நெடுங்காலம் ஒருவரே நாற்காலியில் இருக்கும் வழக்கம் ஒழிந்தது. 1848இல் தலைவரானவர் யார் தெரியுமோ? காப்பிக்கடையில் கூடியவருள் ஒருவரான ஜோஷுவா பீல்டு. முப்பது ஆண்டில் இளைஞன் தலைவனானான். இளைஞனுக்கு இலை போட்ட சங்கத்தில் மட்டுமே இது நிகழும்.

வளர்ந்த சங்கத்திற்கு வேறொரு நோய் வரும்; அது செருக்கு. 1847இல் பர்மிங்காமில் இயந்திர இஞ்சினீயர்கள் தனியே ஒரு சங்கம் கண்டு, ஜார்ஜ் ஸ்டீபன்சனைத் தலைவராக்கினர். புகைவண்டிக்கு வழிசெய்த அக்கிழவரைத் தகுதிக்கட்டுரை எழுதித் தருமாறு மூத்த சங்கத்தார் கேட்டனர் என்றும், அவர் சினந்து இதனைத் தொடங்கினார் என்றும் கதை வழங்குகின்றது. ஆராய்ச்சியாளர் இதனை ஐயுறுகின்றனர். யாமும் நம்பவில்லை. ஆயினும் இத்தகைய கதை ஒரு சங்கத்தைக் குறித்து எழுந்து, ஊரார் அதனை எளிதில் நம்பினர் என்பதே போதும். பெண்களுக்கும் இச்சங்கம் வாயிலை மெல்லவே திறந்தது. 1927இல்தான் டோரதி புக்கானன் என்னும் பெண்மணி தேர்வெழுதி உறுப்பினரானார். 2008இல்தான் ஜீன் வெனபிள்ஸ் அம்மையார் முதற்பெண் தலைவரானார். இடையில் எத்துணை அறிவு வெளியே நின்றது என்பதை இங்குள்ள தாய்மார்களே எண்ணிக்கொள்க. சென்னையில் பிறந்த ஏ. லலிதா என்பவர் பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவரே கிண்டிக் கல்லூரியில் பயின்று 1940களில் மின்சார இஞ்சினீயரானார் என்பதையும் உடன் எண்ணுக.

இனி நம் சங்கத்தைப் பற்றி ஒன்று கேட்கின்றோம். நம் இளைஞருள் கடை நடத்துவோர், கணக்கெழுதுவோர், மருத்துவர், வழக்கறிஞர், இயந்திரம் அறிந்தோர் எல்லாரும் உளர். ஆண்டு விழாவில் அவர்க்கு நாம் தரும் வேலை யாது? பந்தி விசாரித்தலும் பெஞ்சு தூக்குதலும். ஆண்டுக்கு ஒருவர் தம் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கட்டும். பெரியோர் குறுக்கே வினவட்டும். அவர் விடை சொல்லட்டும். வினா விடை இரண்டையும் நம் இதழில் அச்சிடவேண்டும். இடம் போதாதெனின், வரவேற்புரைகளைச் சுருக்கிக்கொள்ளலாம். அதனால் தமிழுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

முன்னர்ச் சொன்ன வழக்கு இது. மேற்கே வீணே ஓடிய பெரியாற்று நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையிற் சேர்த்த அணை 1895இல் திறக்கப்பெற்றது. அதனைக் கட்டிய பென்னிகுவிக் பெயரைத் தேனி, கம்பம் பக்கத்தார் தம் பிள்ளைகட்கு இட்டு வழங்குவதைப் பலர் அறிவீர். அவர் அவ்வேலையைக் குறித்து இலண்டன் சங்கத்திற்கு ஒரு கட்டுரை அளித்தார். 1897இல் அது நடவடிக்கைத் தொகுதியில் அச்சாயிற்று. மழையும் காட்டாறும் காய்ச்சலும் சூழ்ந்த காட்டில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கூட்டிய காரையால் அணை எழுப்பிய வகை அதில் உளது. கட்டுரையை அடுத்து, பிற இஞ்சினீயர்கள் எழுப்பிய வினாக்கள், அவற்றையடுத்து விடைகள். டெல்போர்டு குறித்துவைக்கச் சொன்ன அதே முறை. மதுரைச் சீமையின் வயலுக்கு நீர் வந்த வரலாற்றை அறிய விரும்பும் நம் பிள்ளை ஒருவன் இன்றும் அத்தொகுதியை எடுத்துப் படிக்கலாம்.