துருசு நீக்கிய மத்தன் தைலம்

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமையேற்று நிற்பது பெரும்பேறு. சற்று நடுக்கமும் தருகிறது.

புண் ஆற்றும் மூலிகை மருந்துகள் என்பது மாநாட்டின் பொதுப்பொருள். வல்லாரை, வெட்டுக்காயப் பூண்டு, குப்பைமேனி, மஞ்சள் ஆகியவற்றைப் பற்றி அந்தந்தத் துறையினரே விரிவாகப் பேசவிருக்கிறார்கள். அறிந்தவர்களிடம் அதையே திரும்பச் சொல்வது முறையாகாது. எனக்கு ஒதுக்கிய நேரத்தை மத்தன் தைலத்துக்குத் தருகிறேன்.

ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு என்னும் செம்பு உப்பு. மூன்றே சரக்கு. இதை நம் மருத்துவர்கள் ஆறாப் புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் காற்புண்ணுக்கும் இடுகிறார்கள். நாம் சோதிப்பதோ வேறொன்றை. ஊமத்தை இலையை உலர்த்தி, எத்தனாலில் சாரம் இறக்கி, பாரஃபின் களிம்பில் குழைத்து, நலமான இளம் எலியின் முதுகில் வெட்டிய புதுக்காயத்தில் பூசுகிறோம். தேங்காய் எண்ணெய் இல்லை, துருசு இல்லை, காய்ச்சிய பதம் இல்லை. புண்ணும் அந்தப் புண் இல்லை. பிறகு மரபு மருந்தின் பயன் உறுதியானது என்று முடிவுரை எழுதுகிறோம்.

நலமான எலியின் காயம் மருந்தில்லாமலே சில வாரங்களில் மூடிவிடும். எலியின் தோலடியில் உள்ள மெல்லிய தசைப்படலம் காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சுருக்குகிறது. மனிதப் புண் பெரும்பாலும் அடியிலிருந்து சதை வளர்ந்து, மேலே புதுத்தோல் படர்ந்தே ஆறுகிறது. காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் முறை 2004 முதல் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னும் வெறும் பரப்பளவை அளந்து விழுக்காடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

துருசைப் பற்றிய பழைய வழக்கொன்றும் பாக்கி இருக்கிறது. அது உலோக உப்பு, நஞ்சு. அதை நீக்கினால்தான் இது மூலிகை மருந்தாகும் என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் முன்பொரு கருத்தரங்கில் வாதிட்டார். அவருடைய கவலை நியாயமானது. தீர்வைத்தான் நான் மறுக்கிறேன். கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி செம்பு இல்லாமல் இயங்காது. செம்புக்குக் கிருமிகளைக் கொல்லும் ஆற்றலும் உண்டு. மருந்தின் வேலையில் பெரும்பங்கு துருசினுடையதாகவே இருக்கலாம். அதை நீக்கிவிட்டுச் சோதிப்பவர் மத்தன் தைலத்தைச் சோதிக்கவில்லை. நஞ்சென்று அஞ்சினால், திறந்த புண் வழியே செம்பும் ஊமத்தையின் அட்ரோபினும் எவ்வளவு உட்செல்கின்றன என்று நோயாளியின் இரத்தத்தில் அளப்போம். ஒப்பீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும், எண்ணெயும் துருசும், எண்ணெயும் சாறும், முழுத் தைலம் என நான்கு பிரிவுகள் வைப்போம். எது வேலை செய்கிறது என்பது அப்போது தெரியும்.

மூலநூல்களிடமும் நாம் கடன்பட்டிருக்கிறோம். சித்த மருத்துவம் புற மருந்தை முப்பத்திரண்டாகப் பகுத்தது. அதில் களிம்பு வேறு, மருந்து தோய்த்த துணியான சீலை வேறு, புண்ணுக்குள் செலுத்தும் திரியான வர்த்தி வேறு. மேற்பரப்புப் புண்ணுக்கும் புரையோடிய புண்ணுக்கும் ஒரே வடிவம் உதவாது என்ற அறிவு அதில் இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் விரணம் எனப்படும் புண் நோய்க்கான நூலும் உண்டு. நம் ஆய்வுக்கட்டுரைகளின் துணைநூற் பட்டியலில் அதை அரிதாகவே காண்கிறேன். செடியின் தாவரப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்முறையையும் எந்தப் புண்ணுக்கு என்பதையும் விட்டுவிடுகிறோம்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வுத்திட்டத்தை எழுதும் முன், தைலம் காய்ச்சும் மருத்துவர் ஒருவரோடு அடுப்படியில் நின்று, எந்தப் பதத்தில் இறக்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் முழுதாக அச்சிடுங்கள். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.