எண்ணெய் தோல் புற்றுநோயைத் தடுக்குமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



"மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டா தோல் புற்றுநோய் வராதாமே?" என்று போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி.

எண்ணெயில் இருப்பது கொழுப்பு அமிலங்கள். அதில் ஒமேகா-3 மத்தி, கானாங்கெளுத்தி மீன்களில் அதிகம். ஒமேகா-6 சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெயில் அதிகம். இரண்டுமே உடம்புக்கு வேணும். ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்த்த தோல் புற்றுநோய் செல்களில் ஒமேகா-3 சேர்த்தபோது, பல வகை செல்களின் வளர்ச்சி குறைந்தது. அது உண்மைதான். ஆனால் தட்டில் நேராக ஊற்றுவது வேற. நாம சாப்பிட்டு, குடல், ஈரல், ரத்தம் எல்லாம் தாண்டிப் போய்ச் சேருவது வேற.

மனுஷங்ககிட்ட சோதித்தார்களா? சோதித்தார்கள். அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்கு தினமும் 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் 5 வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2018 கடைசியில் முடிவு வந்தது. புற்றுநோய் குறையவில்லை. 2022-ல் வந்த வேறொரு ஆய்வில், மீன் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சற்று அதிகமாகவே இருந்தது. மீன்தான் காரணம் என்று அதிலும் நிரூபணம் இல்லை. அதனால மீன் குழம்பை விட வேண்டாம். மாத்திரைக்காகக் குழுவில் கடன் வாங்கவும் வேண்டாம்.

நாம கவனிக்க வேண்டியது இடுப்பை. 2024-ல் வார்தா, பீகார் மருத்துவர்கள் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். பாவாடை நாடாவை வருஷக்கணக்கில் இறுக்கிக் கட்டி, அதே இடத்தில் உரசி உரசிப் புண்ணாகி, அதுவே தோல் புற்றுநோய் ஆகிவிட்டது. ஒருவருக்கு 18 மாதம் ஆறாத புண். இன்னொருவருக்குத் தொடை இடுக்கு நெறிக்கட்டிக்கும் பரவிவிட்டது.

பட்டுச் சேலை நெய்கிற ஊர்க்காரங்க நாம. சேலையை விடச் சொல்லலை. நாடாவைத் தளர்த்துங்க, அகலப் பட்டையாகத் தைச்சுக்குங்க. குளிக்கும்போது இடுப்பையும் உள்ளங்காலையும் பாருங்க. ஒரு மாசமாகியும் ஆறாத புண், நிறம் மாறிப் பெருகும் மச்சம், நகத்தடியில் கருங்கோடு இருந்தால், எண்ணெய் தடவிக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க.

புற்றுநோயால் மறைந்த நம்ம ஊர் அறிஞர் அண்ணா பெயரில் காரப்பேட்டையிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. தனியாகப் போகத் தயக்கமா? குழுவிலிருந்து ஒருத்தர் துணைக்குப் போங்க. சேமிப்புக்கு மட்டுமா குழு?