திட்டுப் படிந்த சுவரும் அதற்கேற்ற பூச்சும்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இயற்கை அளித்த பெருஞ்செல்வம் சுண்ணாம்புக்கல். மழைநீரைத் தன்னுள்ளே தேக்கிக் கிணறுகளுக்கு வழங்குவது அக்கல்லே. வீட்டுக்குச் சுவராவதும், சூளையில் வெந்து சாந்தாவதும், நீரிற் கரைந்து வெள்ளையாவதும் அதுவே. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை முதல் ஊர்ப்புறத்து நாற்சார் வீடு வரை, பழைய கட்டடங்களிற் கல்லும் சாந்தும் பூச்சும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. தைப்பொங்கல் வருமுன், அல்லது வீட்டில் ஒரு மங்கல காரியம் நிகழுமுன், சுவருக்கு வெள்ளை அடித்தது அழகு கருதி மட்டுமன்று. மாரியில் நனைந்த சுவரைப் பேணும் முறையும் அதுவாகவே இருந்தது.

1950 இல் காங்கேசன்துறையிற் சீமெந்து ஆலை தோன்றியபின், அந்தச் சுண்ணாம்புக்கல்லே சீமெந்தாகவும் உருமாறி ஊரெங்கும் பரவியது. ஆலை 1990 இல் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளை விட்டு இடம்பெயர நேர்ந்தது. 2009 இல் போர் முடிந்தபின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தோர் கண்டவற்றுள், கூரையிழந்து பல மாரிகளில் நனைந்து நின்ற பழைய சுவர்களும் இருந்தன. அத்தகைய சுவரில் வெடிப்பையும் துளையையும் சீமெந்தால் அடைத்து, அதன்மேல் விலையுயர்ந்த வர்ணத்தைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுவது இயல்பு. ஆனால், ஒரு மாரி கழிந்ததும் அடைத்த இடமெல்லாம் மீண்டும் திட்டுத் திட்டாகத் தெரிகின்றது. வர்ணம் கொப்புளித்துப் பொருக்காக உதிர்கின்றது. குறை பெரும்பாலும் வர்ணத்தினுடையதன்று. சுவரை அறியாமல் வர்ணத்தைத் தெரிந்தமையே காரணம்.

திட்டுக்கள் மூன்று வகையாகத் தோன்றும். முதலாவது ஈரமும் உப்பும். நிலத்து நீர் அத்திவாரத்தின் வழியே சுவரில் ஏறுகின்றது; உவர்நீராற் குழைத்த சாந்தும், நன்கு கழுவாத கடற்கரை மணலும் உப்பைச் சேர்க்கின்றன. நீர் ஆவியாகிச் செல்ல, உப்பு வெண்மையாகப் பூத்து நிற்கின்றது. இரண்டாவது, பழைய பூச்சும் புதிய ஒட்டும் நீரை வெவ்வேறு அளவில் உறிஞ்சுதல். ஒரே வர்ணம் இங்கு மங்கியும் அங்கு அழுத்தமாகவும் காய்கின்றது. மூன்றாவது, வாடைக்காற்றோடு வரும் மழை மோதும் பக்கத்திற் படியும் பாசி.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழிகள் உண்டு. ஓரடிச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டு எடுத்துப் பார்க்கலாம். சுவரைத் தொட்டிருந்த பக்கம் வியர்த்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகின்றது. நாணயத்தாற் தட்டும்போது வெற்றொலி எழுமிடத்திற் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துள்ளது. நீரைத் தெளித்தால், எவ்விடம் உடனே உறிஞ்சுகின்றது, எவ்விடம் வழியவிடுகின்றது என்பது கண்ணுக்கே புலப்படும்.

சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்தினால் ஆனதாயின், அதற்குத் தக்கது சுண்ணாம்பு வெள்ளையே. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாகின்றது. ஆயினும் நுண்துளைகளை அடைப்பதில்லை. உள்ளிருக்கும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறுகின்றது. தடித்த, நெகிழும் படலமாகப் படியும் வர்ணமோ அவ்வழியை அடைத்துவிடுகின்றது. வழியற்ற ஈரம் படலத்தைத் தள்ளும். உப்பு அதன் பின்னே சேர்ந்து சாந்தையே பொடியாக்கும். விரிசலை மறைப்பதற்கென வாங்கிய பூச்சு பழைய சுவரைத் தின்னத் தொடங்குவது இவ்வாறுதான்.

சீமெந்துப் பூச்சுக்கு நியாயம் வேறு. புதிய சீமெந்து கடுங்காரத் தன்மையுடையது. எண்ணெயும் காரமும் கூடுமிடத்தில் விளைவது சவர்க்காரம். ஆதலால் எண்ணெய் வர்ணம் புதுச் சுவரிற் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். குறைந்தது 28 நாட்களேனும் பூச்சை முற்றவும் உலரவும் விட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றிட்டு, வெளிச்சுவருக்கென ஆக்கப்பட்ட அக்கிரிலிக் எமல்சனை மெல்லிய இரு படைகளாகப் பூசுதல் ஏற்றது. அடிப்பூச்சு சுவரின் உறிஞ்சுதலைச் சமப்படுத்துவதால், ஒட்டுப் போட்ட இடம் தனித்துத் தெரியாது.

சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்து நிற்கும் சுவருக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் என்பவர் 1878 இல் காப்புரிமை பெற்ற சிலிக்கேற்று வர்ணம் அது. பொற்றாசியம் சிலிக்கேற்று சாந்தோடு இரசாயன முறையிற் பிணைவதால், அவ்வர்ணம் உரிவதில்லை, ஆவியையும் தடுப்பதில்லை. ஆயின், முன்னர் எமல்சன் பூசிய சுவரில் அது பற்றாது. சுண்ணாம்பு வெள்ளைக்கும் இவ்விதி பொருந்தும். பழைய படலத்தை முற்றாகச் சுரண்டிய பின்னரே அதனை அடித்தல் வேண்டும்.

எதைத் தெரிந்தாலும் முன்வேலை ஒன்றே. ஈரம் வரும் வழியை முதலில் அடைத்தல் வேண்டும்: பீலியைச் செப்பனிடுக, சுவரடியிற் குவிந்த மண்ணை அகற்றுக. பூத்த உப்பை நீரூற்றிக் கழுவினால் அது மீண்டும் உள்ளே செல்லும். உலர்ந்த தூரிகையாற் தட்டியெடுத்தலே முறை. பழைய சுவரிற் பிரிந்து நிற்கும் சீமெந்து ஒட்டை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புதல் நன்று. மினுங்கும் வர்ணம் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுக்கும். மினுக்கமற்ற வர்ணமே குறையை மறைக்கும். திட்டு உள்ள இடத்தில் மட்டும் பூசினால் புதிய திட்டு உண்டாகும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் ஒரே கலவையாற் பூசுதல் வேண்டும்.

வெள்ளை அடிப்பவர் நல்ல தண்ணீரிற் பால்போல் மெல்லிதாகக் கரைத்து, சுவரை நனைத்து, பல படைகளாக அடித்தல் நன்று. ஈரத்தில் அது தெளிவற்றே தோன்றும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். சுட்டெரிக்கும் நண்பகலும், தூசி வீசும் சோளகக்காற்றும் அதற்கு ஆகா. மாரி ஓய்ந்து சுவர் உலர்ந்தபின் வரும் காலைப்பொழுதுகளே உகந்தவை. நீற்றும்போது சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீரில் இடுக, கண்ணைக் காத்துக்கொள்க.

வெள்ளை நெடுங்காலம் நில்லாது என்பது உண்மை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவே வேண்டும். ஆயினும் அந்தச் செலவு சிறிது. தேய்ந்து மறைவது வெள்ளைதான், சுவரன்று. நெடுநாட் பிரிவுக்குப் பின் மீட்ட வீட்டிற் பாட்டன் வைத்த கல்லும் சாந்தும் இன்னும் நிற்குமாயின், அவை அடுத்த தலைமுறைக்கும் நிற்கத்தக்க பூச்சைத் தெரிதலே சிக்கனமும் அறிவுமாகும்.