பிழைகளையும் காத்த பதிப்பு
(இலக்கிய வட்டத்தின் அமர்வில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் மேடையில், காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுக்கு என்ன இடம் என்ற வினா எழுதல் இயல்பே. ஆயினும் மூலம், பாடபேதம், பிழைபட்ட மொழிபெயர்ப்பு, ஏட்டில் ஏறாத வாய்மொழிக் கல்வி என்பன இவ்வவையினர்க்குப் பழகிய பொருள்கள். ஜப்பானின் ஒசாகா நகரைச் சார்ந்த கேப்காம் நிறுவனம் தன் பழைய சண்டை விளையாட்டுகளைத் தொகுத்து மீண்டும் வெளியிட்டு வரும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அப்பொருள்கள் யாவும் அங்கே வேறோர் உடையில் நிற்பதைக் காணலாம். 2018-இல் ஸ்டிரீட் ஃபைட்டர் வரிசையின் 12 ஆட்டங்கள் ஒரு தொகுப்பாக வந்தன. 2022-இல் வந்த தொகுப்பில் 10 ஆட்டங்கள். 2024-இல் மார்வெல் பாத்திரங்கள் இடம்பெறும் தொகுப்பு. 2025-இல் மேலும் ஒன்று. வீட்டில் அமர்ந்து ஆடுவோர்க்கு இவை மலிவான மகிழ்ச்சி. பதிப்பு நெறியில் அக்கறை உள்ளவர்க்கோ இவை வேறொரு கேள்வியை முன்வைக்கின்றன. ஓர் ஆட்டத்தின் நிரலை எழுத்துப் பிசகாமல் காத்துவிட்டால், ஆட்டம் காக்கப்பட்டதாகுமா?

முதலில் நிரலே அல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1987-இல் வந்த முதல் ஸ்டிரீட் ஃபைட்டரின் ஒரு வகை இயந்திரத்தில் இரண்டு பெரிய ரப்பர்த் திண்டுகள் இருந்தன. ஒன்று குத்துக்கு, மற்றொன்று உதைக்கு. ஆடுபவர் எவ்வளவு வலுவாகத் திண்டில் அறைந்தாரோ, அவ்வளவு வலுவாகத் திரையில் வீரன் அடிப்பான். கை வலிக்கும், திண்டும் தேயும். ஆகவே அறையின் வலுவை மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்றாகப் பகுத்து, குத்துக்கு 3, உதைக்கு 3 என 6 பொத்தான்கள் வைத்த வகையே நிலைபெற்றது. உடலின் வலு அளவையாக இருந்த இடத்தில் குறியீடு வந்து அமர்ந்த தருணம் அது. 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த முதல் ஆட்டம் உண்டு, திண்டு இல்லை. உண்மை சொல்வதானால், இன்று அதனை ஆடுதல் வரலாற்றுக் கடனேயன்றி இன்பம் அன்று.

இன்பம் 1991-இல் வந்த ஸ்டிரீட் ஃபைட்டர் 2-இல் தொடங்குகிறது. அகிரா நிஷிதானி, அகிரா யசுதா ஆகியோர் வடிவமைத்து, யோகோ ஷிமோமுரா இசை தந்த அவ்வாட்டத்தில், தெரிந்தெடுக்கத்தக்க வீரர் 8 பேர். இறுதியில் எதிர்ப்படும் வல்லவர் 4 பேர். கைப்பிடியைக் கீழே அழுத்தி, கால்வட்டமாக முன்னோக்கிச் சுழற்றி, அச்சுழற்சி முடியும் கணத்தில் குத்துப் பொத்தானைத் தட்டினால் ரியூ என்னும் வீரனின் உள்ளங்கையிலிருந்து ஒளிப்பந்து புறப்படும். கணம் தப்பினால் அவன் வெறுங்காற்றைக் குத்தி நிற்பான். யாப்பறிந்தார்க்கு இதன் அருமை விளங்கும். சீரும் தளையும் கையில் ஊறும் வரை கருத்து வெளிப்படாது. ஊறிய பின் அவை நினைவிலேயே இரா.

அவ்வாட்டத்தின் உயிர்நாடியான தொடரடி, அதாவது காம்போ, திட்டமிட்டுப் படைக்கப்பட்டதன்று. ஆட்டத்தின் இடையே, வீரன் ஒரு மோட்டார் வண்டியை அடித்து நொறுக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதனைச் சோதித்துக் கொண்டிருந்தபோது, ஓர் அடியின் அசைவு முடியுமுன் அடுத்த அடி புகுந்துவிடுவதைத் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு கண்டார். அதற்குரிய கணம் மிக நுண்ணியது. பயனாக யாரும் கைக்கொள்ள இயலாது என்று கருதி அவ்வாறே விட்டுவிட்டார். ஆட்டக்காரர்கள் கைக்கொண்டனர். பின்னர் வந்த சண்டை விளையாட்டுகளின் இலக்கணமே அப்பிழையின் மேல் எழுந்தது. எல்லாப் பிழைகளும் இவ்வாறு பேறு பெறவில்லை. கைல் என்னும் அமெரிக்கப் படைவீரன், எதிரியைத் தொடாமலே தன்னோடு பூட்டி இழுத்துச் செல்லும் விந்தையொன்று முதற்பதிப்பில் இருந்தது. அதனைக் கைவிலங்கு என அழைத்தனர். அடுத்த பதிப்பில் அது நீக்கப்பட்டது.

அடுத்த பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1992-இல் இரண்டு, 1993-இல் ஒன்று, 1994-இல் ஒன்று. இவற்றுள் மூன்றாவதன் பிறப்பு சுவையானது. இரண்டாம் பதிப்பின் மின்சுற்றுப் பலகையைக் களவாக மாற்றி, வேகம் கூட்டி, வானில் பறந்தபடியே ஒளிப்பந்து வீசவும், சண்டையின் நடுவே ஒரு வீரன் மற்றொருவனாக மாறவும் இடந்தந்த கள்ளப் பதிப்பு ஒன்று கூடங்களில் பரவியது. ஒழுங்கற்ற ஆட்டம்தான், ஆனால் மக்கள் அதன் வேகத்துக்குப் பழகிவிட்டனர். கேப்காம் தானும் வேகத்தைக் கூட்டி, வானில் நிகழ்த்தும் வித்தைகள் சிலவற்றைச் சேர்த்து 'டர்போ' என வெளியிட்டது. இடைச்செருகலைக் கண்டு மூல ஆசிரியரே தம் நூலைத் திருத்திக் கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 2003-இல் வந்த 'ஹைப்பர் ஸ்டிரீட் ஃபைட்டர் 2', 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் வீரன் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவன் என்பதைத் தாமே தெரிந்துகொள்ளலாம். 1991-ஆம் ஆண்டின் கைலை 1994-ஆம் ஆண்டின் ரியூவோடு மோதவிடலாம். பாடபேதங்களைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் ஒடுக்குவார். இங்கே அவை ஒன்றையொன்று அடித்து வழக்குத் தீர்த்துக் கொள்கின்றன.

மொழிபெயர்ப்பின் வரலாறும் இவ்வாறே சுவைமிக்கது. இறுதி வல்லவருள் ஒருவனான குத்துச்சண்டை வீரன், மைக் டைசனை நினைவூட்டும் தோற்றமும் எம். பைசன் என்னும் பெயரும் உடையவனாக ஜப்பானில் பிறந்தான். கடல் கடக்கையில் வழக்கு வருமோ என்ற அச்சத்தால் மூன்று வல்லவர்களின் பெயர்கள் தமக்குள் இடம் மாற்றப்பட்டன. ஜப்பானில் பைசனாக இருந்தவன் மேலை நாடுகளில் பால்ராக் ஆனான். பால்ராக்காக இருந்த ஸ்பெயின் நாட்டவன் வேகா ஆனான். வேகா என்னும் கொடுங்கோலன் பைசன் ஆனான். இரு நாட்டார் கூடும் போட்டிகளில் குழப்பம் தவிர்க்க, குத்துச்சண்டைக்காரன், நகக்காரன், கொடுங்கோலன் என்றே அவர்களைச் சுட்டுவது வழக்கமாயிற்று.

அதனினும் விந்தையானது, ரியூ வென்றபின் சொல்லும் ஒரு தொடர். எழும் நாகத்தின் பெயர்கொண்ட தன் குத்தை வெல்ல முடியாதவன் தன்னை வெல்ல முடியாது என்பது அதன் கருத்து. அந்நாகத்தைக் குறிக்கும் எழுத்துகளைச் சீன ஒலிப்பில் படித்த மொழிபெயர்ப்பு, அதனை ஷெங் லாங் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டது. படித்தவர்கள் ஷெங் லாங் ஓர் ஆள் என்று கொண்டனர். ரியூவின் ஆசானாக இருக்கக்கூடும் என்றும் எண்ணினர். 1992 ஏப்ரலில் அமெரிக்க இதழொன்று, ஷெங் லாங்கைச் சந்திக்கும் வழி இதுவென்று, எவராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளோடு ஒரு வேடிக்கைச் செய்தியை வெளியிட்டது. அதனை நம்பி எத்தனையோ பேர் காசைச் செலவிட்டனர். 1994-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடினமான நிபந்தனைகளை நிறைவேற்றினால் மட்டுமே முன்வந்து நிற்கும் மறைவான எதிரி ஒருவனைக் கேப்காம் சேர்த்தது. அவன் பெயர் கோகி. மேலை நாடுகளில் அகுமா. பெயரில்லாத இடத்தில் ஒரு பிழை பெயரிட்டது, பெயர் ஓர் ஆளை வேண்டிற்று என்றே இவ்வரலாற்றைப் படிக்கத் தோன்றுகிறது.

இந்தியாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அந்த எண்மருள் ஒருவன் தால்சிம் என்னும் இந்திய யோகி. கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்புலத்தில் வரிசையாக யானைகள், வாயில் நெருப்பு, வேண்டியபோது நீளும் கையும் காலும். யோகம் என்ற சொல்லுக்கு உலகின் கூடங்களில் ஒரு தலைமுறை கற்ற பொருள் இதுவே. நகைப்புக்கும் சினத்துக்கும் இடமுண்டு. ஆனால் மறுபதிப்பில் அவனைத் திருத்தி அழகுபடுத்தாதது சரியே. அவன் அவ்வாறு வரையப்பட்டான் என்பதும் ஆவணம்தான். மேலும், ஆட்டத்துள் நுழைந்தவர் அறிவர்: தொலைவைக் கையாளும் கலையில் அவனுக்கு நிகர் இல்லை. விரைவற்றவன், எதிரியை அண்டவிடாமல் அங்குலம் அங்குலமாகக் களைப்படையச் செய்பவன். பொறுமையுள்ளவர்களே அவனைத் தெரிந்தெடுப்பர்.

இவ்வளவும் நிரலுள் இருப்பவை. தொகுப்பு இவற்றைக் காத்துவிட்டது. நிரலுக்கு வெளியே இருந்தது நாணயம். அமெரிக்கக் கூடங்களில் இருவர் தோளோடு தோள் உரச ஒரே இயந்திரத்தின் முன் நிற்பர். அடுத்து ஆட விரும்புவோர் கால் டாலர் நாணயத்தைத் திரையின் விளிம்பில் வைப்பர். அந்நாணய வரிசையே முறை. வென்றவர் காசின்றித் தொடர்ந்து நிற்பார்; தோற்றவர் விலகி, வரிசையின் கடைசியில் மீண்டும் காசு வைப்பார். ஜப்பானில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகாக வைத்து இணைத்தனர். அங்கே எதிராளியின் முகம் தெரியாது. தோற்றபின் எழுந்து சுற்றிப் பார்த்தால்தான் வென்றவர் யார் என்பது புலனாகும். இருவகையிலும் தோல்விக்கு ஒரு விலை இருந்தது. கல்வியும் அந்த வரிசையிலேயே நிகழ்ந்தது. நின்று பார்த்தவர் கற்றனர்.

அந்த வரிசைகளிலிருந்தே பெரிய போட்டிகள் தோன்றின. 1996-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகர்க் கூடத்தில் 40 பேர் கூடிய சிறு போட்டி, பின்னாளில் ஈவோ என்னும் உலகப் போட்டியாக வளர்ந்தது. 2004-இல் அதே மாநிலத்தின் பொமோனாவில், டோக்கியோவில் வளர்ந்த டைகோ உமேஹாராவும், நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் கூடத்தில் பயின்ற ஜஸ்டின் வாங்கும் மோதிய ஆட்டத்தின் ஒளிப்பதிவு இன்றும் பார்க்கப்படுகிறது. உமேஹாராவின் வீரனுக்கு உயிர் ஒரு கீற்றளவே மீதி. வெறுமனே தடுத்தாலும் அக்கீற்று போய்விடும். பேரடி தொடங்கியது. ஒவ்வோர் அடியும் வந்து சேரும் கணத்தில் கைப்பிடியை முன்னே தட்டினால் மட்டுமே சேதமில்லை. 15 அடிகளையும் அவ்வாறே ஏற்று, திருப்பி அடித்து அச்சுற்றை வென்றார். அரங்கின் ஆரவாரமும் அந்த ஒளிப்பதிவின் ஒரு பகுதியே. 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த ஆட்டம் உள்ளது. எவரும் தனியறையில் அமர்ந்து அந்த 15 அடிகளையும் நூறு முறை பயிலலாம். பயிலுதல் வேறு, அவையின் முன் ஒருமுறை செய்தல் வேறு என்பதைக் கவியரங்கம் ஏறிய எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை.

சைனாடவுன் ஃபேர் 2011-இல் மூடப்பட்டு, மறு ஆண்டு வேறு தன்மையுடன் திறக்கப்பட்டது. கூடங்கள் மறைந்ததோடு முடியவில்லை. இயந்திரங்களும் உள்ளிருந்தே அழியத் தொடங்கின. 1993 முதல் கேப்காம் பயன்படுத்திய பலகையில், களவைத் தடுக்க நிரலை மறைகுறியில் பூட்டி, அதன் திறவுகோலை ஒரு சிறு பேட்டரியால் தாங்கப்பட்ட நினைவகத்தில் வைத்தனர். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும். பலகை பழுதின்றி இருந்தும் ஆட்டம் திறவாது. கரையான் அரிக்கும் என்று தெரிந்தே ஏட்டில் எழுதுவது ஒன்று, கரையானை ஏட்டோடு சேர்த்தே கட்டி வைப்பது மற்றொன்று. அப்பூட்டைப் பின்னாளில் ஆர்வலர்கள் பொறுமையாக ஆராய்ந்து திறந்தனர். அவர்களுள் பலர் சட்டத்தின் விளிம்பில் நின்றவர்கள். சட்டமும் தன் பங்குக்கு ஆட்டங்களை மறைத்தது. 2000-ஆம் ஆண்டின் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' 2013 டிசம்பரில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டுத் தொகுப்பு வரும் வரை அக்கடைகளில் விலைக்கு வாங்க வழியின்றி இருந்தது. இந்நிலையில் மறுவெளியீட்டைப் பழமை விற்கும் வாணிகம் என்று ஒதுக்குவது நியாயமன்று. வாணிகம்தான், ஆனால் அது இல்லையேல் மூலமே கைக்கு எட்டாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆட்டத்தை இடையில் சேமித்து, தோற்ற இடத்துக்கு மீண்டும் சென்று, தோல்வியையே இல்லாததாக்கும் வசதி உண்டு. 2024-ஆம் ஆண்டுத் தொகுப்பில், கால்வட்டச் சுழற்சி எதுவுமின்றி ஒற்றைப் பொத்தானில் சிறப்பு அடியை வரவழைக்கவும் இயலும். கை நோவுள்ளவர்க்கு அது அருள். மற்றவர்க்கு யாப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுளை வைத்துக்கொள்ளும் முயற்சி.

மறுபுறம், எதிராளி என்னும் மனிதரை மீட்டுத்தர முயன்ற ஒரு தொழில்நுட்பமும் உண்டு. 2006-இல் இணையத்தில் ஆட வெளியான ஒரு பழைய ஆட்டம் தாமதத்தால் கெட்டிருந்தது கண்டு, ஈவோ நிறுவனருள் ஒருவரான டோனி கேனன் 'ரோல்பேக்' என்னும் முறையில் ஒரு நிரலை எழுதினார். தொலைவிலுள்ள எதிராளி நொடியின் அறுபதில் ஒரு பங்கில் என்ன செய்வார் என்பதை நிரல் ஊகித்து ஆட்டத்தை நடத்தும். உண்மைச் செய்தி வந்து சேர்ந்தபின் ஊகம் தவறெனில், பின்சென்று அக்கணங்களைத் திருத்திக் காட்டும். அவ்வழியே இத்தொகுப்புகளில் இரு நகரத்தார் ஏறக்குறைய ஒரே இயந்திரத்தின் முன் நிற்பதுபோல் ஆடுகின்றனர். நாணயம் மட்டும் இல்லை.

2022-ஆம் ஆண்டுத் தொகுப்பின் மிக அரிய உருப்படி 'ரெட் எர்த்'. 1996-இல் கூடங்களில் வந்து, 26 ஆண்டுகள் எந்த வீட்டு இயந்திரத்துக்கும் வராதிருந்த ஆட்டம். ஆடத்தக்க பாத்திரங்கள் 4 பேர் மட்டுமே; திரை நிறைக்கும் பூதங்களோடு போரிட்டு, படிப்படியாக வலுப்பெற்று, எட்டிய நிலையைக் குறிக்கும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் வந்து தொடரலாம். மற்ற ஆட்டங்களைப் போல் அதற்கு நீண்ட போட்டி மரபு இல்லை. எந்த அடியோடு எந்த அடி சேரும், எந்தப் பாத்திரம் எதனிடம் நலியும் என்று சொல்லித்தர மூத்தோர் வரிசையும் இல்லை. மூலம் மட்டும் முழுமையாகக் கிடைத்திருக்கிறது. 2022 முதல் வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஆட்டக்காரர் சிலர் இரவுகளில் ஒருவரோடொருவர் ஆடி, அதன் தொடரடிகளை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்துக் குறித்து வைக்கின்றனர். அந்த ஆட்டத்துக்கு இப்போதுதான் உரை எழுதப்படுகிறது.