பிறப்பும் மூச்சும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



குழந்தை பிறக்கும் முறைக்கும் அதன் மூச்சுக்கும் உள்ள தொடர்பைப்பற்றி இன்று சில கூற விரும்புகின்றோம். தமிழ்ப் பண்டிதருக்கு வைத்திய விஷயத்தில் என்ன வேலையென்று சிலர் எண்ணலாம். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கருப்பையில் இருக்கும் சிசுவின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வேதனை தொடங்குங்கால், சிசுவின் உடலிலுண்டாகும் சுரப்புக்கள் அந்நீரை உறிஞ்சும்படி நுரையீரலைத் தூண்டுகின்றன. வேதனை தொடங்குமுன்னரே சிசேரியன் சிகிச்சையால் எடுக்கப்படும் குழந்தைக்கு இத்துணை குறைவு. ஆதலால் அத்தகைய குழந்தைகளுட் சில பிறந்தவுடன் மேல்மூச்சு வாங்கித் தவிக்கின்றன.

டென்மார்க் தேசத்தில் 34,000-க்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2008-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டனர். நாட்குறித்துச் சிசேரியன் செய்தவிடத்து, 37-வது வாரத்திற் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்குப் பத்தும், 38-ல் ஐந்தும், 39-ல் இரண்டும் மூச்சுத் துன்பமுற்றன. பிற்காலத்தில் ஆஸ்துமாவும் சிசேரியன் குழந்தைகளிடம் சற்று மிகுதியென்பர். எனினும் அச்சிகிச்சையே அதற்குக் காரணமென்று துணிந்து கூறுதற்கில்லை.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டிற் பிரசவங்களுள் நூற்றுக்குச் சுமார் நாற்பத்தைந்து சிசேரியனே. அவற்றுட் சிலவற்றிற்கு நாட்குறிப்பது பஞ்சாங்கம்.

இனி எம் குற்றத்தைக் கூறுவோம். எம் தமையனாரின் மருமகளுக்கு முதற்பிரசவம் சிசேரியன்; இரண்டாவதும் அவ்வாறேயென்று தீர்மானமாயிற்று. பஞ்சாங்கத்தைப் புரட்டி, நல்ல நட்சத்திரமென்று 37-வது வாரத்தில் ஒருநாளைக் குறித்துக் கொடுத்தவர் யாமே. குழந்தை நான்கு நாள் பிராணவாயுக் குழாயுடன் கண்ணாடிப் பெட்டியிற் கிடந்தது. யாம் குறித்த சுபவேளையிற் பிறந்த மகவை அதன் தாய் ஐந்தாம் நாளிலேதான் மடியில் ஏந்தினாள். இறைவனருளால் குழந்தை இப்போது நலமே.

சிசேரியனை யாம் இகழ்ந்தோமல்லோம். நஞ்சுக்கொடி வாயிலை மறைத்தல், சேய் குறுக்கே கிடத்தல், அதன் இருதயத் துடிப்புத் தளர்தல் முதலிய சமயங்களில் உயிர்காப்பது அதுவே. அப்போது கணமும் தாமதிக்கலாகாது. ஆனால் டாக்டர் கூறும் காரணமொன்று இல்லாதவிடத்து, 39 வாரம் நிறைவதற்குமுன் நாட்குறிக்க வேண்டா.

விவாகத்துக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் எம்மிடம் நாள் கேட்டு வாருங்கள். மகிழ்ந்து பார்த்துக் கொடுப்போம். பிரசவத்துக்கு மட்டும் கேளாதீர்கள். அதற்குரிய நாளைக் குழந்தையும் டாக்டருமே குறிக்கட்டும்.