பராயமும் பொறுப்பும்



1865ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதையே முழுப் பராயமாக வகுத்தது. விவாகம் செய்தவர் அதற்கு முன்னரே பராயமடைந்தார். 1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆகியும், பராய வயது 1989 வரை மாறவில்லை. பாராளுமன்றத்துக்கு ஆளைத் தெரிந்த வாலிபன், பாதுகாவலர் துணையின்றி ஓர் ஒப்பந்தம் செய்ய இயலாதிருந்தான். 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமே பராய வயதையும் 18 ஆக்கிற்று.

இன்று 18 நிரம்பிய நாங்கள் இடும் கையொப்பம் எங்களையே கட்டும். கடன் பத்திரத்தில் ஒப்பமிட்டபின் "சிறுபிள்ளை" என்று தப்ப வழியில்லை. ஆகவே, பெரியோர்களே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நம் வீடுகளில், காணி உறுதியையும் வரவு செலவுக் கணக்கையும் எங்களுக்கு இப்போதே காட்டிப் பழக்குங்கள். பதினேழில் கணக்குப் பார்க்க விடாத பிள்ளையைப் பதினெட்டில் சட்டம் தனியே நிறுத்திவிடும்.