கையறிந்த கருவி
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



படகோட்டி ஒருவர்க்குப் புதிய ஜி.பி.எஸ். கருவியொன்று கிடைப்பதாகக் கொள்க. திரை பெரிது, நிறங்கள் தெளிவு, கரைக்கோடு முழுதும் வரையப்பெற்றுள்ளது. ஆயினும் அவர் பழைய கருவியைக் கழற்ற ஒப்புவதில்லை. காரணம் எளிது. எந்தப் பாரில் மீன் கூடும், எந்த இடத்தில் மூழ்கிய கலம் வலையைக் கிழிக்கும் என்று ஆண்டுக்கணக்கில் அவர் குறித்துவைத்த புள்ளிகள் பழையதில்தான் இருக்கின்றன. அப்புள்ளிகளை அவர் உடன்பிறந்தார்க்கும் எளிதிற் காட்டுவதில்லை.

தருவைகுளம் தூத்துக்குடிக்கு வடக்கே அமைந்த கடற்கரை ஊர். செவுள்வலைப் படகுகள் பல நாள் கடலில் தங்கிச் சூரை முதலிய மீன்களைக் கொணரும் ஊர் என்பதை இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இக்கடலில் இடம் காணும் கலை இயந்திரத்தோடு பிறந்ததன்று. கோபுரமும் பனையும் கலங்கரை விளக்கமும் ஒன்றோடொன்று நேர்ப்படும் கோடுகளைக் கொண்டு பாரின் இடம் அறிந்தவர் முன்னோர். 1961-இல் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தபோது படகுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி இல்லை. தொலாயிரம் பார் இருந்த இடத்தில்தான் இருந்தது, போகத் தெரிந்தவர் போய்வந்தனர். பின்னர்க் கருவி வந்தபோதும் முதியோர் அதனை உடனே நம்பினாரல்லர். அவர் ஐயம் முழுதும் பிழையன்று. அமெரிக்க அரசு பொதுமக்கள் பெறும் குறிப்பில் வேண்டுமென்றே ஏற்படுத்தி வந்த பிறழ்ச்சியை 2000 மே மாதத்தில்தான் நீக்கியது. அதற்கு முன் கருவி நூறு மீட்டர் அளவுக்குத் தவறக்கூடும். சிறு பார் ஒன்றைத் தவறவிட அது போதும்.

கணினியின்பால் மாந்தர் கொள்ளும் பற்றை ஆராய்வதற்கு இப்படகோட்டியே தக்க துணை. மெக்கின்டாஷ் உயர்ந்ததா, விண்டோஸ் உயர்ந்ததா, லினக்ஸ் உயர்ந்ததா என்ற வழக்கு உலகெங்கும் பல்லாண்டு நடந்துவருகிறது. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ், இயக்கியவுடன் திரையில் ஒரு சிறு புன்னகை முகத்தைக் காட்டியது. அதனை வரைந்தவர் சூசன் கேர். இயந்திரம் தம்மை வரவேற்றது என்று எண்ணிய மக்கள் அதனை மறக்கவில்லை. அமிகா என்னும் கணினியைச் செய்த காமடோர் நிறுவனம் 1994-இல் நொடித்துப்போயிற்று. அதன் அன்பர்களோ அதன்பின்னும் அக்கணினியைக் கைவிட்டாரல்லர். 1991-இல் லினஸ் டார்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸின்பால் உள்ள அன்பு வேறு வகையது. தன் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த படகுக்காரர் அதன் மீது கொள்ளும் அன்பு அது. விண்டோஸ் அன்பர்களுள் பலர் அதனைத் தேர்ந்தெடுத்தவரல்லர். அதிலேயே கண் திறந்தவர். 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. ஆயினும் தெருமுனைக் கணினி மையத்தில் எதைக் கண்டார்களோ அதுவே பலர்க்குக் கணினி என்று ஆயிற்று.

கவிஞர்க்கு இவ்வழக்கு இயக்க அமைப்போடு முடிவதில்லை. அவர்தம் பற்று விசைப்பலகையில் வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆர். முத்தையா வகுத்த தட்டச்சுப் பொறியின் வழிவந்த முறை ஒன்று. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேறியவர் கை அதிலே பழகியது. ‘கொ’ என்று அடிக்க அவர் முதலில் கொம்பையும், பின்னர்க் ககரத்தையும், இறுதியில் காலையும் தட்டுவார். எழுதுகோல் தாளில் செல்லும் வரிசை அதுவே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 பலகையிலோ ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்ட வேண்டும். உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்கள். புள்ளியைப் பலகையே இட்டுக்கொள்ளும். முன்னதைக் கண்ணின் வரிசை என்றும் பின்னதைச் செவியின் வரிசை என்றும் கூறலாம். உயிர்மெய்யில் மெய்யொலியின் பின்னரே உயிரொலி தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கையாதலின், செவியின் வரிசைக்கு இலக்கணச் சான்றும் உண்டு. அவ்வளவு சான்று இருந்தும் தட்டச்சுப் பயின்றவர் கை அசையவில்லை. தட்டச்சு முறையும் தொடர்ந்து வழங்கிற்று.

மூன்றாவது முறை, உரோமன் எழுத்தால் தமிழை ஒலித்து அடிப்பது. இன்று கைப்பேசியில் எழுதும் இளங்கவிஞர் பலர் இவ்வழியினரே. இதனை அடிமைப் புத்தி என்று ஏசுவார் உளர். அது மிகைக் கூற்று. பள்ளியில் ஆங்கில விசைகளையே கற்பித்துவிட்டுக் கையை மட்டும் குறை கூறுவது முறையன்று. தமிழ்99 பலகையைச் சிறந்ததென்று கூறுவோர் அதனைக் குழந்தைக்குக் கற்பிக்க முன்வரட்டும். ஐம்பது வயதுக் கையோடு வழக்காட வேண்டா.

ஆக, பற்றுக்குக் காரணம் கருவியின் சிறப்பு மட்டுமன்று. அக்கருவியில் ஒருவர் இட்ட உழைப்பே பெரிதும் காரணம். விரலில் ஏறிய பழக்கம் ஒன்று. உள்ளே சேர்ந்துள்ள பொருள் மற்றொன்று. பழக்கம் யார்க்கும் கேடு செய்வதில்லை. சேர்ந்த பொருள் வெளியே வர இயலாமற் போவதுதான் கேடு. படகோட்டிகள் இதனை அறிவர். கருவி பழுதானால் புள்ளிகளும் போகும் என்பதால், அகலாங்கு நெட்டாங்கு எண்களைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. கவிஞருள் எத்தனை பேரிடம் அத்தகைய நோட்டு உண்டு என்பது வினா.

தமிழ்க் கணினியின் தொடக்கக் காலத்தில் எழுத்துரு ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை ஆக்கினார். இலங்கைத் தமிழரிடையே பாமினி பரவியது. ஒவ்வொன்றுக்கும் அன்பர் கூட்டம் இருந்தது. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கி குறியீட்டில் வைத்துப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. பழந்தமிழ் நூல்கள் அவ்வாறு கரை சேர்ந்தன. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. ஆயினும் பல அச்சகங்களில் பழைய எழுத்துருக்களே இன்றும் பக்கங்களை நிரப்புகின்றன.

மாற்றும் செயலிகள் உள்ளனவே எனலாம். உள்ளன, ஆனால் அவை கண்ணை ஏமாற்றும். பழைய அச்சில் ‘ர்’ என்னும் எழுத்தைக் காலின் மேல் புள்ளி வைத்தே காட்டினர். அப்பழக்கம் கணினிக்கும் வந்தது. மாற்றியபின் அது காலும் புள்ளியுமாகவே நிற்கும். பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. பொறிக்கு அது ‘ர்’ அன்று. நீர், ஊர், வேர், பேர் எனும் சொற்கள் அனைத்தும் அவ்வாறே கெடும். தொலாயிரம் பார் பற்றி ஒரு கவிஞர் எழுதிய பாடலைப் பிற்காலத்தார் ‘பார்’ என்று தேடினால் அது அகப்படாது. ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்தவர்க்கும் இதே கதி. முத்துக்குளிப்பவர் தவறான இடத்தில் மூழ்கியதற்கு ஒப்பாகும் இது. சிப்பி இல்லாமல் இல்லை.

கவிஞர் மறைந்தபின் நிலைமை இன்னும் கடிது. அவர் பிள்ளைகள் கோப்பைத் திறந்து, உரோமன் எழுத்துகளும் புரியாத குறிகளும் குவிந்திருக்கக் கண்டு, பழுதான கோப்பு என்று நீக்கிவிடுவர். எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அப்போது இல்லை.

எனவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் தாம் விரும்பும் கணினியையும் பலகையையும் கைவிட வேண்டியதில்லை. தட்டச்சு முறையிலேயே ஒருங்குறியை அடிக்கச் செயலிகள் உள்ளன. பழைய நெகிழ்வட்டும் குறுந்தகடும் வைத்திருப்போர் அவற்றோடு அடுத்த கூட்டத்திற்கு வரட்டும். ஒவ்வொரு கோப்பின் எழுத்துருப் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். இளையோர் மாற்றித் தருவர். எழுதியவர் அருகில் அமர்ந்து வரிவரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். முதலில் ‘ர்’ எழுத்தைப் பார்க்கலாம், அடுத்து ‘ஔ’.